நடு எழுத்து

பொதட்டூர்ப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு
அறுபத்திரண்டு தறி.
கொட்டகைக்குள் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை,
உதட்டைப் பார்ப்போம்.
தார் தீர்ந்துபோச்சு, டீ வந்தாச்சு, ஓனர் வர்றான்,
எல்லாம் உதட்டில்தான்.
இருபத்து மூன்று வருஷம் அப்படிப் பிழைத்தவன் நான்.

அதனால் கோமளாவின் தொண்டையில் துளையிட்டு
வெள்ளைக் குழாய் வைத்து
இனி கொஞ்ச நாள் குரல் வராது என்று டாக்டர் சொன்னபோது
உள்ளே ஓர் அசட்டுத் தைரியம்.
நமக்கென்ன.

புறங்கையை மூக்கருகே வைத்தேன், ஒன்றுமில்லை.
கழுத்தருகே வைத்தேன்,
வெதுவெதுவென்று அவள்.

நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள் சுகுணா சிஸ்டர்.
பாதி தெலுங்கு, பாதி அதட்டல்.
முழங்கை வரை சோப்பு போடு.
உள்ளே விடும்போது உறிஞ்சாதே,
கட்டைவிரலை எடுத்துவிட்டு நெம்மதிகா, நெம்மதிகா.
அப்புறம் ஓட்டையை மூடு,
சுழற்றிக்கொண்டே வெளியே எடு.
தொடங்கும்போதே உன் மூச்சையும் பிடித்துக்கொள்.
உனக்கு முட்டும்போது
அவளுக்கும் முட்டும் என்று தெரியும் அல்லவா.

கழுத்து நாடாவில் ஒரு விரல் நுழைய வேண்டும்.
இரண்டு நுழைந்தால் தளர்வு.
இதை மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை,
பாவு கட்டியவன் விரலுக்கு இழுவை தெரியும்.

எங்கள் ஊரில் காற்றிலும் நூல் இருக்கிறது.
குழாய் வாயில் ஈரத்துணி போட்டு
சாயங்காலம் எடுத்துப் பார்த்தால்
தெருவில் அன்று ஓடியது
நீல லுங்கியா சிவப்பு லுங்கியா என்று தெரியும்.
துணி இல்லையென்றால்
அந்த லுங்கி அவள் நெஞ்சுக்குள் நெய்யப்பட்டிருக்கும்.

கரண்ட் போனால் அறுபத்திரண்டும் சேர்ந்து நிற்கும்.
உறிஞ்சும் மெஷினும் நிற்கும்.
அந்த அமைதியில்தான் கேட்கும்,
குழாய்க்குள் கஞ்சி கொதிப்பது போல ஒரு சத்தம்.
கால் பம்பை மிதித்துக்கொண்டே குனிந்திருப்பேன்.
அடுத்த வீட்டில் யாரோ
அப்பாடா, காது குளிர்ந்தது என்பார்கள்.

மூன்று நாள் ஒரே சொல்லைச் சொன்னாள்.
உதடு ஒட்டித் திறந்தது, மறுபடி ஒட்டியது.
பணம்.
அதைப் பற்றி உனக்கென்ன, நான் பார்த்துக்கிறேன் என்றேன்.
ஏகாம்பரத்திடம் முன்பணம் வாங்கியாச்சு என்றேன்.
கம்மலை மீட்டுவிடுவேன் என்று
அவள் தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்தேன்.
அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.
நான்காம் நாள்
நூல் பில்லின் பின்பக்கம், என் பென்சில் வாங்கி,
கோணலாக எழுதினாள்:
பயம்.

முதலும் கடைசியும் உதடு சொல்லும்.
நடு எழுத்து வாய்க்குள்ளேயே இருந்துவிடும்.
இருபத்து மூன்று வருஷத்தில்
எத்தனை பேரிடம் எத்தனை நடு எழுத்தை விட்டிருப்பேனோ.

அன்று ராத்திரியிலிருந்து
அவள் சுண்டுவிரலுக்கும் என் மணிக்கட்டுக்கும்
நாற்பதாம் நம்பர் நூல் நாலு புரி.
அவள் இழுத்தால் எழுவேன்.
சில ராத்திரி சளிக்காக இழுப்பாள்.
சில ராத்திரி சும்மா.
சும்மா இழுத்ததற்கும் கை கழுவிவிட்டு வந்து உட்காருவேன்.

ஆவணி பிறந்ததும் டாக்டர்
காற்றுப்பை இல்லாத சின்னக் குழாய் மாற்றினார்.
சுத்தமான விரலால் வாயை மூடி
இரண்டு சொல் பேசிப் பாருங்கள் என்றார்.
அங்கே பேச மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். தெருவெல்லாம் தறி.
கட்டிலில் உட்கார்ந்து விரலை வைத்தாள்.
ஐந்து மாதம் கழித்து வந்த குரல்,
ஒன்றுமே எனக்குக் கேட்கவில்லை.
உதடு ஒட்டித் திறந்தது, மறுபடி ஒட்டியது.
ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்,
நான் இருக்கேன், பயப்படாதே, நூல் இருக்கு என்றேன்.
சிரித்தாள். சிரிப்பு கழுத்து வழியே உஸ்ஸென்று போனது.
துடைத்துவிட்டேன்.
மறுபடி விரலை வைத்து,
என் காதைப் பிடித்து வாயருகே இழுத்து,
துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரலில்:

பணம்யா. ஏகாம்பரத்துக்கு எவ்வளவு பாக்கி?

நாற்பத்திரண்டாயிரம் என்றேன்,
உதட்டால் மட்டும்.